தாராபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம்

"நான் தனியா வந்தேன்னு சொல்லிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

சைக்கிளை விட்டு இறங்குமுன்பே கலியமூர்த்தி கேட்டுவிட்டார்.

மயிலாத்தாள் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தாள். வாய்க்காலை மண்ணிட்டு அடைத்தாள். மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள்.

"மொதல்ல எறங்குங்க. சைக்கிளு பாவம்."

அவர் இறங்கினார். தொடைகள் நடுங்கின. அதை அவள் பார்த்துவிடக் கூடாதென்று சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேதாரண்யத்தில் ஐஸ் கம்பெனி. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தோப்பும் ஓட்டு வீடும். ஒற்றை ஆளாக இமயமலை வரை சைக்கிளில் போய் வந்தவள் என்று கேள்விப்பட்டு, போன மாசியில் அவளைத் தேடி வந்திருந்தார். மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் அவள் வடக்கே கிளம்புவாள். இப்போதெல்லாம் உடன் ஒருவரை மட்டும் சேர்த்துக்கொள்வாள்.

"இந்த வருஷம் அந்த ஒருத்தர் நானா இருக்கணும்" என்றார் அப்போது. "உங்களைக் குருவா நெனச்சு வந்திருக்கேன்."

அவள் அவரைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். டிரைவரைப் பார்த்தாள். பழத்தட்டை ஏந்தி நின்ற மைத்துனரையும் பார்த்தாள்.

"அடுத்த தடவை தனியா வாங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கலியமூர்த்திக்கு அது போதும். தனியாக என்றால் தனியாக. யார் கையும் படாமல் கடற்கரையிலிருந்து மலையடி வரை மிதித்து வருவேன் என்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். ஆனி மாதம், எதிர்காற்று, வேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள்.

"முதலாளி, திருத்துறைப்பூண்டி போறதுக்குள்ள உருகிடுவீங்க" என்றார்கள் ஐஸ் உடைக்கிறவர்கள்.

"உருகினா திரும்ப உறையத் தெரியும்டா எனக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இப்போது வந்து நிற்கிறார். உருகவில்லை. ஆனால் ஒரு உறுத்தல்.

மயிலாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் தயங்கினார்.

"இது உதவியில சேருமா?"

"வந்து சேந்துட்டீங்க. குடிங்க."

குடித்தார். அவள் கிணற்று மேட்டில் உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லுங்க."

"மன்னார்குடியில நம்ம சிநேகிதங்க, ஊர் எல்லை வரைக்கும் கூட ஓட்டிக்கிட்டு வரோம்னாங்க. வேண்டாம்னுட்டேன்."

"செரி."

"குளித்தலை பக்கம் பஞ்சர். நானே ஒட்டினேன். ஒரு அம்மா வெயில் தாங்கலைன்னு குடையைக் கொண்டாந்து பிடிச்சாங்க. மடக்குங்கன்னுட்டேன். வெயில்லயே உக்காந்து ஒட்டி முடிச்சேன்."

"அந்தம்மா?"

"போயிட்டாங்க. கோவிச்சுக்கிட்டாங்களோ என்னமோ."

"அப்பறம்?"

"கரூர் தாண்டி ஒரு கோயில்ல படுத்தேன். பூசாரி பாய் கொடுத்தார். வெறுந்தரையில படுத்துக்கிட்டேன்."

மயிலாத்தாள் சிரித்தாள். "ஏனுங்க, பாயில படுத்தா தனியா இல்லீங்களா?"

"இன்னிக்கிப் பாய் வாங்கினா நாளைக்கி இட்லி வாங்குவேன். நாளன்னிக்கி லாரியில ஏறிடுவேன்." கலியமூர்த்தி பெருமையை மறைக்க முயலவில்லை.

"வாஸ்தவந்தானுங்க. அப்ப எங்க இடறுச்சு?"

அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"தாராபுரம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. தாராபுரம் தாண்டினதும் காத்து."

காத்து என்றபோது அவர் கை தானாக ஹேண்டில்பாரை இறுக்கியது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுழலும் பொட்டல் அது. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் மண். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் கரூருக்கே திரும்பிப் போய்விடும் போலிருந்தது.

"தள்ளாடினேன். ஆனா எறங்கலை. அப்பத்தான் டி.வி.எஸ். வண்டியில ஒரு ஆள். 'ஏனுங்கண்ணா, இந்தக் காத்துல மிதிச்சா மூட்டு தேஞ்சு போயிருமுங்க'ன்னார். சொல்லிக்கிட்டே கேரியர்ல காலை வச்சுத் தள்ள ஆரம்பிச்சுட்டார். காலை எடுய்யா, நான் தனியா போறவன்னு கத்தினேன்."

"அதுக்கு?"

"'தனியாவே போங்கண்ணா. நான் காலை மட்டுந்தானுங்க வெக்கறேன்'ங்கறார்."

மயிலாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்கம்மா. நாலு மாசக் கனவு இது. அந்த ஆள் காலால தட்டிவிட்டுட்டுப் போயிட்டார்."

"சிரிக்கலீங்க. நீங்க பிரேக் புடிக்கலீங்களா?"

"பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம். நான் சொல்றது காத்துல அவருக்குக் கேக்கலை. இல்லை, கேக்காத மாதிரி இருந்தார். கடைசியில ஒரு ஊர் வந்துச்சு. வீடுங்க மறைச்சதும் காத்து கொஞ்சம் அடங்குச்சு. அங்கதான் காலை எடுத்தார்."

கலியமூர்த்தி சைக்கிளைத் திருப்பிக் காட்டினார். கேரியரில் கட்டியிருந்த பையின் ஓரத்தில், செம்மண்ணில் அச்செடுத்தது போல ஒரு செருப்புத் தடம்.

"தொடைக்கலை. உங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாதுன்னு அப்படியே கொண்டாந்தேன்."

அவள் எழுந்து வந்தாள். குனிந்து அந்தத் தடத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"நெறையத் தூரமுங்களா?"

"நாலு கிலோமீட்டர். மேல ஒரு அடி இல்லை. வேணும்னா ஒண்ணு செய்யறேன். இப்பவே தாராபுரத்துக்குத் திரும்பிப் போறேன். அந்தத் தூரத்தை மறுபடி மிதிச்சுட்டு வரேன். எல்லாம் சுத்தமாயிடும்."

அவள் தடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அவரு உங்களுக்குப் பின்னால வந்தவருங்களா?"

"இல்லை, எதிர்ல வந்தவர். என்னைப் பார்த்துட்டு வண்டியைத் திருப்பினார்."

"அப்ப தாராபுரம் போயிட்டு இருந்தவரு."

"அப்படித்தான் இருக்கணும்."

நியாயமான கேள்விகள். பிசகின் எடையைப் பார்க்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. பார்க்கட்டும். எதைக் கேட்டாலும் சொல்ல அவரிடம் பதில் இருந்தது.

"உங்களை விட்டதும்?"

"மறுபடி திரும்பி வந்த வழியே போயிட்டார். நான் திட்டி முடிக்கக்கூட நிக்கலை. பறந்துட்டார்."

"எந்நேரமுங்க?"

"மத்தியானம். சாப்பாட்டு நேரம்."

"வண்டியில ஏதாச்சும் வெச்சிருந்தாரா?"

கலியமூர்த்திக்கு எதையும் ஒரு முறை பார்த்தால் போதும். படகில் வந்து இறங்கும் மீனைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை பாளம் ஐஸ் வேண்டும் என்று சொல்கிறவர்.

"முன்னால ஒரு ஒயர்க்கூடை. அதுல ஒரு ஃபிளாஸ்க். சாப்பாட்டுத் தூக்கு. மேல ஒரு போர்வையும், பொம்பளைங்க நைட்டி ரெண்டும் மடிச்சு வச்சிருந்தது. அது பறந்துடாம ஒரு கையால அமுக்கிக்கிட்டேதான் வந்தார். ஒத்தைக் கையில வண்டி, ஒத்தைக் கால்ல நான்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். ஒன்றையும் விடவில்லை என்ற நிறைவு அவருக்கு இருந்தது.

மயிலாத்தாள் நிமிர்ந்தாள்.

"தாராபுரம் ஆஸ்பத்திரியில இருக்கறது அவருக்கு யாருங்க? சம்சாரமா, மகளா?"

கலியமூர்த்தி அந்தச் செருப்புத் தடத்தைப் பார்த்தார்.

தோப்புக்கு மேலே காற்று போய்க்கொண்டிருந்தது. இங்கே கீழே ஒரு இலைகூட அசையவில்லை.

"கேக்கலை" என்றார்.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"அப்பறம் என்னங்க சந்தேகம்? நீங்க தனியாத்தான் வந்திருக்கீங்க."