தட்டு விழுந்தால் யாருக்கு?

மலையடிச் சுனையில் பனி இன்னும் கலையவில்லை. நாவல் மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பனிக்குள் குரங்கும் முயலும் மயிலும் நரிகளோடு பந்தயம் ஆடிக்கொண்டிருந்தன.

ஆட்டப் பொருள், யாரோ சாப்பிட்டுவிட்டுப் போட்டுப்போன பாக்குமட்டைத் தட்டு. (எடுத்துப் போகத் தெரியாத ஜென்மங்கள்!) தட்டைப் பிடித்தவர் நகரக் கூடாது, எறியத்தான் வேண்டும். தரையில் விழுந்தாலோ எதிராளி பிடித்தாலோ தட்டு எதிராளிக்கு. எதிர்ப்பக்கத்து மர நிழலில் நின்று பிடித்தால் ஒரு புள்ளி. ஜெயிக்கிறவர்களுக்குக் கோடை முழுக்கச் சுனை. தோற்றவர்கள் இரண்டு மலை தாண்டி ஆற்றுக்குப் போக வேண்டும். முயலுக்கோ வீட்டில் நடை பழகாத நாலு குட்டிகள்.

ஆறுக்கு ஆறு. அடுத்த புள்ளிதான் முடிவு. தட்டு குரங்கின் கையில்.

"அண்ணே, இங்கே! ரெண்டே எட்டுத் தூரம்!" என்றது முயல்.

"உனக்குப் போட்டா எவன் கைதட்டுவான்?"

தூரத்து நிழலில் மயில். அதைச் சுற்றி மூன்று நரிகள். குரங்கு அங்கேயே வீசியது!

தட்டு பனியில் மிதந்தது, பகலில் வழி தவறிய நிலாபோல. தவளைகள் வாயை மூடின. எங்கே நிற்கிறோம் என்பதையே எல்லோரும் மறந்தார்கள். காற்று மட்டும் மறக்கவில்லை. தட்டைத் தள்ளிக்கொண்டு போய்க் கிழட்டு நரியின் வாயில் கொடுத்தது.

"அழகா இருந்துச்சில்ல?" என்றது குரங்கு.

"ரொம்ப! குட்டிகளைத் தூக்கிட்டு ஆத்துக்கு நடக்கும்போது நினைச்சுப் பார்த்துக்கிறேன்!"

குரங்குக்குச் சுருக்கென்றது.

நரிக்கும் அதே ஆசை தொற்றியது. பக்கத்தில் தம்பி நரி காத்திருக்க, அதுவும் தூரத்துக்கு வீசியது. தட்டு குரங்கின் காலடிப் புல்லில் விழுந்தது. முட்டாள்தனம் ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுத்த சொத்தா என்ன!

"போடு! போடு!" என்று அகவியது மயில்.

தட்டை எடுத்த குரங்கின் கை உயர்ந்தது. அப்படியே நின்றது. 'விழுந்தால் எங்கே விழும்? யார் எடுப்பார்கள்?' மயிலின் காலடியில் நரிகள்தான்.

முயலுக்குப் போட்டது. முயல் திருப்பிப் போட்டது. மறுபடி முயல், மறுபடி குரங்கு.

"கொட்டாவி வருதுடா!" என்று நரிகள் கேலி செய்தன. ஆனாலும் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்து முயலைச் சூழ்ந்துகொண்டன. காற்றும் படுத்துவிட்டது.

"என்னை விடு அண்ணே, மயிலைப் பார்!" என்று கத்தியது முயல்.

நிழலில் மயில் தன்னந்தனியாக நின்றது. தட்டு மிதந்தது. மயில் ஓர் அடிகூட நகராமல் அலகில் பிடித்தது!

அன்று மாலை நாலு குட்டிகளும் சுனையில் வாய் வைத்து, நிலா கலையக் கலையத் தண்ணீர் குடித்தன.

கிடைத்தால் எவ்வளவு அழகு என்று கனவு காணுமுன், தவறினால் யார் தவிப்பார்கள் என்று பார்த்துவிட்டு வீச வேண்டும்.