திறந்திருந்த வால்வு

தலை நரைத்த பிறகுதான் வைரக்கண்ணுவுக்கு மேற்படிப்பு ஆசை வந்தது. பார்த்த வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்துவிட்டார். அவருடைய பேராசிரியர் கோதை அவரைவிட வயதில் இளையவர். இவர் ‘மேடம்’ என்பார், அவர் ‘சார்’ என்பார். யார் யாருக்குக் குரு என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

நிலம் நடுங்கினால் மண் என்ன செய்யும் என்பதுதான் அவர்கள் படிப்பு. நனைந்த மணலை ரப்பர் உறையில் அடைத்து, தண்ணீர் வெளியேறும் வால்வை மூடிவிட்டு, இயந்திரத்தில் வைத்து ஆட்டுவார்கள். போக வழியில்லாத தண்ணீர் மணல் மணிகளைத் தள்ளிப் பிரிக்கும். ஒன்றை ஒன்று தொடாமல் போனதும், அதுவரை திடமாக நின்ற மணல் கஞ்சியாகிவிடும்.

வைரக்கண்ணு சோதித்தது சொந்த ஊர் மணலை. சங்குமேட்டுக்குப்பத்து மீனவர்களுக்குக் கடலோரமாக அரசு புது வீடுகள் கட்டுவதாக இருந்தது. அங்கே ஆழத் துளை போட்டு எடுத்து வந்த மணல் இயந்திரத்தில் கஞ்சியாயிற்று. இந்த இடம் ஆகாது என்று எழுதிக் கொடுத்தார், ஊரிலும் போய்ச் சொன்னார். திட்டம் இடம் மாறியது. இனி வீடு எங்கோ மேற்கே, படகு மட்டும் கடற்கரையில்.

அன்றிலிருந்து ஊரில் அவருக்கு யாரும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. மாசி மகத்துக்குப் போனபோது தம்பி பெண்சாதிகூடச் சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தனியாக உட்கார்ந்து பிசைந்த சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மனிதர் நொறுங்கித்தான் போயிருந்தார்.

ஒருநாள் காலை கிராஃப் தாளோடு கோதையிடம் ஓடி வந்தார்.

“மேடம், அதே மணல். இந்தத் தடவை கஞ்சியாகாம நின்னுடுச்சு.”

கோதை தாளைப் பார்த்தார். இயந்திரத்தருகே போய்க் குனிந்தார். வால்வு திறந்திருந்தது. ஆட்டிய நேரமெல்லாம் தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வைரக்கண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது. முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிற சங்கதி அது.

“தெரிஞ்சு திறந்தீங்களா சார்?”

“மூடினேன்னுதான் மேடம் நெனச்சேன். நிக்கணும் நிக்கணும்னு கும்பிட்டுக்கிட்டே பண்ணினேன்.”

கோதை தாளை அவரிடமே கொடுத்தார்.

“தூக்கிப் போட்டுடாதீங்க. தண்ணிக்கு வழி இருந்தா நிக்குதுன்னு இது சொல்லுது. நிலத்துல அங்கங்க துளை போட்டு சல்லிக்கல்லை ஆழமா எறக்கினா அது வழியா தண்ணி மேல வந்துடும். அப்ப அந்த இடம் ஆகுமான்னு கணக்குப் போட்டுப் பாருங்க.”

வைரக்கண்ணு தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆகும்னு வந்துட்டா, ஊர்ல பழையபடி பேசுவாங்களா மேடம்?”

“ஆகாதுன்னு சொல்லப் போனீங்களே, அன்னைக்கு என்ன பேசினாங்க?”

“கத்தினாங்க. ‘உங்கப்பன் வலை காய வச்ச மண்ணுடா இது’ன்னு ஒரு பெரியவர் ஆரம்பிச்சார்.”

“அப்புறம்?”

“தெரியல மேடம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.”

“பஸ் இருந்துச்சா?”

அவர் தாளைச் சுருட்டினார்.

“இல்ல. ஸ்டாப்புல ரொம்ப நேரம் தனியா நின்னேன்.”

கோதை இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார்.

“கணக்கு முடிய மாசக்கணக்கு ஆகும் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை வெறுங்கையோட ஊருக்குப் போயிட்டு வாங்க.”

“போய் என்னன்னு சொல்றது?”

“ஒண்ணும் சொல்ல வேணாம். போய் உக்காருங்க.”

“திட்டுவாங்க மேடம்.”

“திட்டட்டும். எந்திரிச்சு வந்துடாதீங்க.”