ரெண்டு விரல் தெக்க

"டீச்சர், இந்தக் கடற்கரைக்காரங்களுக்கு ஒரு இடத்த ஒழுங்காச் சொல்லத் தெரியல."

கொழுந்துவேல் இப்படிச் சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்தார்.

அஜிலா நிமிரவில்லை. டிபன் டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்ட கடைசி இடியாப்பத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சார். யாரு என்ன சொன்னாங்க?"

கொழுந்துவேலுக்கு நாற்பத்தாறு வயது. சென்னையில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபது வருஷம் இருந்தவர். அங்கே எந்தக் கட்டத்தில் எது வரணுமோ அதுதான் வரும்.

அஜிலாவுக்கு இருபத்தொன்பது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவள். அவள் எழுதின புரோகிராம் ஒன்றை எங்கேயோ பார்த்துவிட்டு, கற்றுக்கொண்டால் இவளிடம்தான் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் மனுஷர். முதல் நாளே டீச்சர் என்றார். அவளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் விடுகிற மாதிரி இல்லை.

வலைக் கடைக்கு மேலே, மாடியில் ஆபீஸ். செய்கிற வேலை ஒன்றுதான். கடலுக்குப் போன வள்ளங்கள் பட்டன் போனிலிருந்து மெசேஜ் அனுப்பும். இவர்களுடைய சாஃப்ட்வேர் அதைப் படித்து, வள்ளம் நிற்கிற இடத்தை மேப்பில் ஒரு புள்ளியாக வைக்கும். இடம் எப்படி வரணும்? ரெண்டு எண்ணாக வரணும். ஜி.பி.எஸ். மிஷின் வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து எண்ணை அனுப்புவார்கள்.

மிஷின் இல்லாதவர்கள் மனசுக்குத் தோன்றியதை அனுப்புவார்கள். கொழுந்துவேலின் கணக்கில் அப்படித்தான்.

"எண் இல்லாம வர்றதையெல்லாம் ஒரு ஃபோல்டர்ல தள்ளுற மாதிரி எழுதிட்டேன் டீச்சர். நேத்திலேர்ந்து முப்பத்தொண்ணு விழுந்திருக்கு. மேப் இப்ப துடைச்சுவச்ச மாதிரி இருக்கு."

"ஃபோல்டருக்குப் பேரு?"

"குப்பை."

அஜிலா டப்பாவை மூடினாள்.

"கடைசியா விழுந்தத வாசிங்க."

கொழுந்துவேல் சிரித்தபடியே ஆரம்பித்தார்.

"எஞ்சின் நின்னுட்டு. நங்கூரம் போட்டாச்சு. வடக்கே பள்ளிக்கூடத் தண்ணித் தொட்டி மாதா கோயிலுக்கு நேர். மேக்கே வட்டமலை லைட் ஹவுசுக்கு ரெண்டு விரல் தெக்க. ததேயு."

வாசித்து முடிக்கும்போது சிரிப்பைக் காணோம்.

"எத்தனை மணிக்கு வந்தது?"

"ஏழே முக்கால்."

சுவரில் மணி பத்து ஐந்து.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மத்தியானத்துக்கு மேல் காற்று எழும்பும் என்று காலையிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. எழும்பினால் வள்ளத்து நங்கூரக் கயிறு எவ்வளவு நேரம் தாங்கும்? அவருக்குத் தெரியாது. வள்ளத்தில் ததேயுவும் அவர் மச்சினனும் மட்டும்தான்.

அஜிலா அதற்குள் வேறொரு நம்பரைப் போட்டுவிட்டிருந்தாள்.

"சூசையண்ணே, ததேயு அண்ணனுக்க வள்ளம் கடல்ல நிக்குது. உங்க வள்ளத்த எறக்குங்க. எறக்கி முடிக்கதுக்குள்ள எடம் சொல்லுதேன்."

போனை வைத்தாள்.

"எங்க நிக்கிறாங்க சார்?"

"எண்ணே இல்லையே டீச்சர். எப்படிச் சொல்றது?"

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். பள்ளிக்கூட வேனுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் இருந்தது.

"அந்தா, கரண்டுக் கம்பம். பொறத்தால சலூன் போர்டு. கம்பம் போர்டை மறைக்கிற மாதிரி நில்லுங்க."

அவர் இரண்டடி நகர்ந்தார். மறைத்தது.

"இந்தப் பக்கம் வேப்பமரம். அதுக்குப் பின்னால செல்போன் டவர். அதையும் மறைக்கணும். கம்பம் விலகக் கூடாது."

கம்பத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். மரம் டவரை மறைத்தபோது கம்பம் விலகியது. மறுபடி நகர்ந்தார். இந்தப் பக்கம் சரியானால் அந்தப் பக்கம் போனது. துணிக் கம்பியில் தலை இடித்தது. காய்ந்துகொண்டிருந்த ஒரு பாவாடை அவர் மூஞ்சியில் விழுந்தது.

"வெரசா சார்."

கடைசியில் இரண்டும் சேர்ந்து மறைந்தன.

"அசையாதீங்க."

அவள் குனிந்து, ஒரு செங்கல் துண்டால் அவர் செருப்பைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"இந்த மாடியில வேற எங்கயாவது நின்னா ரெண்டும் மறையுமா?"

கொழுந்துவேல் தன் காலைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார்.

பிறகு படிக்கட்டில் தடதடவென்று ஓடினார். நாற்பத்தாறு வயசு முழங்கால் என்பது அவருக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை.

மேப்பைத் திறந்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் கோயிலுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்துக் கடலுக்குள் நீட்டினார். வட்டமலைக்கும் லைட் ஹவுசுக்கும் ஒரு கோடு. அதையும் நீட்டினார். இரண்டு கோடும் கடலுக்குள் ஓரிடத்தில் வெட்டிக்கொண்டன.

அடேயப்பா, என்றார் வாய்விட்டு. காகிதம் இல்லை, மிஷின் இல்லை, படிப்பு இல்லை. ஆடுகிற வள்ளத்தில் நின்றுகொண்டு, கண்ணாலேயே கரையில் இரண்டு கோடு போட்டு, தான் நிற்கிற இடத்தைச் சொல்லியிருக்கிறான் ஒரு மனுஷன். அதைப் போய்க் குப்பையில் போட்டோமே!

வெட்டிய இடத்தின் எண்களை எடுத்தார். மெசேஜில் இடம் என்று இருந்த கட்டத்தில், பழைய எழுத்தின் மேலேயே, அவற்றைப் போட்டுச் சேமித்தார். சிவப்பாக இருந்த வரி பச்சையாக மாறியது. மேப்பில் புள்ளி விழுந்தது.

"வந்துடுச்சு டீச்சர்!"

அஜிலா போனை அவர் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் அலைச் சத்தமும், ஆட்கள் ஏலேலோ போடுகிற சத்தமும்.

"சூசை அண்ணாச்சி, எழுதிக்குங்க." ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"செரி, மிஷின்ல அடிச்சாச்சு. இனி அவன் சொன்னதச் சொல்லும்."

"இதுதான் அவர் சொன்னது."

"ததேயுவா? நம்பராவா சொன்னான்?" சூசை சிரித்தார். "அவனுக்கப் போன்ல ஒரு நம்பரத் தேடி எடுக்க அவன் பொண்டாட்டி வரணும். வெளையாடாதயும் சார். அவன் வாயில வந்தத அப்பிடியே சொல்லும்."

கொழுந்துவேல் திரையைப் பார்த்தார்.

கட்டத்தில் இரண்டு எண்கள் இருந்தன. பச்சையாக, அழகாக இருந்தன. வேறு ஒன்றும் இல்லை.

"தண்ணித் தொட்டி... கோயிலுக்கு நேர். வட்டமலை... லைட் ஹவுஸ்..."

"நேரா?"

"நேர்தான்னு... இல்ல, வேற ஏதோ..."

"வேற ஏதோவா? என்ன ஓய் சொல்லுதீரு? காத்து மாறிக்கிட்டு வருது."

ததேயு சொன்னதில் இன்னும் ஏதோ ஒரு வார்த்தை இருந்தது. கோடு போடும்போது எந்தக் கணக்கிலும் ஒட்டாமல் நின்ற ஏதோ ஒன்று. வேண்டாம் என்று அவரே தாண்டிப் போன ஒன்று.

அஜிலா அவர் முன்னால் வந்து, இடது கையை விரித்துக் காட்டினாள்.

மருதாணி மங்கிப் போன உள்ளங்கை. அதில் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீல மையில் பொடி எழுத்து. அவர் வாசித்ததெல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் அங்கே இருந்தது. எஞ்சின் நின்னுட்டு என்பதில் தொடங்கி, ததேயு என்ற பேர் வரைக்கும்.

அவர் அதைப் பார்த்து அப்படியே வாசித்தார்.

"ரெண்டு விரல் தெக்கயா!" என்றார் சூசை. "அத மொதல்ல சொல்லாண்டாமா? கைய நீட்டி ரெண்டு வெரலச் சேத்துப் பிடிச்சா, அவ்வளவு தள்ளி நிக்கி மலை. அப்ப நீரு சொன்ன எடத்துல போயி நின்னா எனக்கு வெறும் தண்ணிதான் கெடைக்கும். இது அதுக்கும் தெக்க, முக்கா மைலு. கொடுவாப் பாறைக்க அந்தப் பக்கம். நேத்து நானும் அங்க வல போட்டேன்."

போன் அணைவதற்குள் எஞ்சின் உறுமிக் கேட்டது.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கீழே கடையில் தொங்கின வலைகள் மெல்ல ஆட ஆரம்பித்தன. கொழுந்துவேல் ஜன்னலை விட்டு நகரவில்லை. அஜிலா ஒரு டம்ளர் டீயை அவர் பக்கத்தில் வைத்தாள். அது ஆடை கட்டியது.

பன்னிரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது.

"கெட்டி இழுத்துக்கிட்டு வாறோம். மச்சினன்காரன் வாந்தி எடுத்துக் கெடக்கான். ததேயு பசிக்கின்னு சொல்லுகான். கயிறு ஒரு புரிதான் பாக்கி இருந்து, கேட்டேளா."

கொழுந்துவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். மெசேஜில் இன்னொரு கட்டம் சேர்த்தார். எண் போகிற கட்டத்துக்குப் பக்கத்திலேயே, வந்தது வந்தபடி கிடக்கிற கட்டம். யாரும் திருத்த முடியாதபடி பூட்டும் போட்டார். ததேயு சொன்னதை அஜிலாவின் கையைப் பார்த்து அதில் முதலில் அடித்தார். தள்ளிவிட்டதில் மிச்சமிருந்த முப்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

அஜிலா கைகழுவும் இடத்தில் சோப்புப் போட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்."

"ம்?"

"ரெண்டு விரல்னா என்னன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். அதான் எழுதி வச்சீங்க. இல்லையா?"

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"தெரியாது சார். அதான் எழுதி வச்சேன்."