சுரமண்டலத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்

வீட்டில் பிள்ளைகள் சத்தம் திடீரென்று நின்றுபோனால் உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா? எனக்கு இருக்காது. கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். இந்தக் கதையில் வரும் குருவும் என்னைப் போலத்தான்.

அவர் பெயர் மெசுல்லாம். யூதேயாவில் ஒரு மலையூரில், கடவுளை நோக்கிப் பாடும் சங்கீதப் பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய சீடர் பெரகியா அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தாடி நரைத்த பிறகுதான் பாட்டுப் படிக்க வந்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை. பெரகியா வந்தார், குரு கொடுத்திருந்த சுரமண்டலம் என்ற நரம்பு வாத்தியத்தைப் பாயில் வைத்தார்.

"இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், குருவே. நாளைக்கு நான் பாடவில்லை. இனிமேலும் பாடமாட்டேன்."

"தொண்டை கட்டிக்கொண்டதா, அண்ணா?"

"தொண்டைக்கு ஒன்றுமில்லை. என் அப்பா வெட்டின கிணற்றைப் பக்கத்து நிலத்துக்காரன் எல்பால் வளைத்துப்போட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஊர்வாசலில் போய் நியாயம் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் அவன் வீட்டு விருந்தாளிகள். என் ஆடுகள் தண்ணீருக்கு இரண்டு மலை தாண்டுகின்றன."

"ம்."

"கடவுள் நம்மோடு உடன்படிக்கை செய்தார், நீதி செய்வார் என்று எந்த வாயால் பாடுவது? தினமும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டுகிற வாயால் பாடினால் அது பொய்."

குரு வாயைத் திறப்பதற்குள் முற்றத்தில் ஓர் அலறல்.

"அப்பா! அப்பா! இங்க வந்து பாருங்க! அக்கா பிடுங்கிட்டா!"

பெரகியா காதைப் பொத்திக்கொண்டார். இருவரும் எட்டிப் பார்த்தார்கள். குருவின் மூத்த மகள் அக்சாள் கையில் பிடுங்கின இரண்டு அத்திப்பழ அடை, மடியில் அவளுடைய பங்கு. இளையவள் நோவாள் தரையை உதைத்து உதைத்துக் கத்தினாள். அவள் பக்கத்தில் திம்னாள். பக்கத்து நாடான ஏதோமிலிருந்து வந்த, தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. குரு வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. அவளுடைய அடையும் போய்விட்டது. ஒன்றும் சொல்லாமல் விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"என்ன தொண்டை உங்கள் மகளுக்கு!"

"நாளைக்கு உங்களுக்குப் பதிலாக அவளைப் பாட வைக்கலாம்" என்றார் குரு. "ஏன் இப்படிக் கத்துகிறாள்?"

"இது ஒரு கேள்வியா? அப்பா உள்ளே இருக்கிறார். கூப்பிட்டால் வருவார்."

"திம்னாள் கத்தவில்லையே. அவளுக்கும் அதே அநியாயம்தானே?"

"பாவம், அவள் யாரைக் கூப்பிடுவாள்..."

பெரகியா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மூன்று வருஷமாகத் திட்டித் திட்டி நீங்கள் யாரைக் கூப்பிடுகிறீர்கள், அண்ணா?"

பெரகியா வாசற்படியில் உட்கார்ந்தார். குரு முற்றத்தில் இறங்கி அக்சாளிடம் கையை நீட்டினார்.

"சும்மா விளையாட்டுக்குத்தான்பா..."

"ஒன்றைக் கடித்திருக்கிறாயே. கடித்த அளவுக்கு உன் பங்கிலிருந்து பிட்டு வை."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். நோவாள் அழுகையை நிறுத்திவிட்டு, குரு கொடுத்த அடையை வாயில் திணித்தாள்.

வாசற்படியில் பெரகியா சிரித்துவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சுரமண்டலத்தை எடுத்து ஒரு நரம்பை முறுக்கினார்.

"குருவே, நாளைக்கு என் கிணற்றைச் சொல்லியே பாடட்டுமா? எல்பால் வருவான். அந்தப் பெரியவர்களும் வருவார்கள்."

"வரட்டும். திட்டையும் விடாமல் பாடுங்கள். சங்கீதப் பாட்டுகளில் பாதி அதுதான்."

சொல்லிவிட்டு, குரு திம்னாள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மற்ற அடையை அவள் கையில் வைத்தார்.

"அடுத்த தடவை நீயும் என்னைக் கூப்பிடு, கண்ணு. நல்லா சத்தமா."