எதிர்ப்பக்கம் மடித்த இலை

“பதினோரு வருஷம் ஆச்சு. இந்த அரண்மனை மதிலைத் தாண்டி ஒரு மரம் மட்டையைக் காட்டியிருப்பீங்களா எனக்கு?”

இப்படிக் கேட்டவள் மரிக்கொழுந்து. அன்று காலையில் மட்டும் மூன்றாவது தடவை, ஒரு வார்த்தை மாறாமல். எந்தக் காலத்தில் என்றால், கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் பச்சையாக இருந்த காலம். ஆமைகள் பேசிக்கொண்டிருந்த காலம். ஆமை எப்படிப் பேசும் என்று நடுவில் கேட்காதீர்கள். பேசியது, அவ்வளவுதான்.

பதில் சொல்ல வேண்டியவன் அவள் புருஷன் சாத்தப்பன். கயலூர் ராஜாவுக்குக் குடை பிடிப்பவன். ராஜா கோயிலுக்குப் போனால் குடை, குளத்துக்குப் போனால் குடை, சும்மா முற்றத்தில் நின்று கொட்டாவி விட்டாலும் குடை. பிடித்துப் பிடித்து வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை மேலே ஏறிவிட்டது. வாயைத் திறந்தால் “ஆகட்டும்”, “அப்படியே”, “தங்கள் சித்தம்”. இந்த மூன்றையும் வைத்தே ஒரு மனிதன் காலத்தை ஓட்டிவிட முடியும். அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“ராஜாவுக்கு அம்மை போட்டிருக்கு. ஒரு மாசத்துக்கு வெளியே தலை காட்ட மாட்டார். உங்களுக்கு அங்க என்ன வேலை? போர்வைக்கு மேல குடை பிடிக்கப் போறீங்களா?”

“ஆகட்டும்” என்றான் சாத்தப்பன்.

“என்ன ஆகட்டும்?”

“தீவு பார்க்கணும்னு சொன்னியே, போகலாம்னு சொன்னேன் கொழுந்து.”

சண்டையில் இவ்வளவு சீக்கிரம் ஜெயிப்போம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

கடற்கரையில் ஒரு கிழட்டு ஆமை படுத்திருந்தது. முதுகில் நாலு பேர் தாராளமாகக் கால் நீட்டி உட்காரலாம், அவ்வளவு அகலம்.

“மூணு தீவு இருக்கு” என்றது ஆமை. “நான் ஏத்திட்டுப் போவேன், இறக்கி விடுவேன். மத்தது என் பொறுப்பு இல்ல.”

“சாப்பாடு?” என்றாள் மரிக்கொழுந்து.

“மூணாவது தீவுல போடுவாங்க.”

இதைச் சொல்லும்போது ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அவள் கவனிக்கவில்லை. இரண்டு நாளைக்குப் புளிசாதம் எத்தனை பொட்டலம் கட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் தீவு தென்னந்தீவு. அங்கே தென்னைமரங்கள் குனியும். உச்சியில் ஆளை உட்கார வைத்துக்கொள்ளும். பிறகு விசுக்கென்று நிமிர்ந்து, ஒரே வீச்சாகக் காயலுக்குள் எறியும். முதல் தடவை சாத்தப்பன் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தை அழைத்தான். இரண்டாம் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தான். மூன்றாம் தடவை மரம் குனிவதற்கு முன்பே அவன் தயாராக நின்றான். தண்ணீருக்கு மேலே வந்து, மூக்கில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தான். அவனுக்கு இடது பக்கத்தில் ஒரு தெற்றுப்பல் இருப்பதை மரிக்கொழுந்து அன்றைக்குத்தான் பார்த்தாள். பதினோரு வருஷம் கழித்து.

இரண்டாவது தீவு சிப்பித்தீவு. அங்கே கிடைக்கும் நீலச் சிப்பி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால் தண்ணீருக்கு அடியில் மூச்சு விடலாம். இருவரும் இறங்கினார்கள். பவளக்காடு, மீன் கூட்டம், எல்லாம் இருந்தது. அதையெல்லாம் வர்ணிக்க எனக்குப் பொறுமை இல்லை. நடந்தது இதுதான். ஊரில் அவள் எப்போதும் அவனுக்கு நாலடி பின்னால்தான் நடப்பாள். அது மரியாதையாம். கடலுக்கு அடியில் மீனைத் தவிரப் பார்க்க ஆளில்லை. அவன் அவள் கையைப் பிடித்தான். மேலே வந்த பிறகும் விடவில்லை.

அன்று மாலை அவன் பேசினான். ராஜா தூக்கத்தில் அழுவதைப் பற்றி, மழை நாளில் குடைத்துணி விடும் நாற்றத்தைப் பற்றி, சின்ன வயதில் படகு கட்ட ஆசைப்பட்டதைப் பற்றி. மரிக்கொழுந்து பொட்டலத்தைப் பிரிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு ஆள் உள்ளே இருக்கிறான் என்று அவளிடம் யாரும் சொல்லவே இல்லை.

மூன்றாவது தீவு என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். அவள் உட்காரவில்லை. புளிசாதம் தீர்ந்துவிட்டது, பசி.

அந்தத் தீவு முழுக்க வாழைத்தோப்பு. நடுவில் பெரிய பந்தல், நீளமாக விரித்த பாய், வாசலில் பருத்த ஒரு பெண்பிள்ளை. கையில் அகப்பை. பெயர் பந்தியம்மாள்.

“வாங்க, வாங்க. வந்தவங்க பசியோட நிக்கலாமா?” என்றபடி தோப்புக்குள் கைநீட்டி இரண்டு இலை அறுத்தாள். அறுத்த இடத்தில் பால் வடிந்தது. மரம் மெல்ல முனகியது போலிருந்தது. காற்று என்று மரிக்கொழுந்து நினைத்துக்கொண்டாள்.

“ரெண்டு இலை போட்டிருக்கேன். நீயும் உட்காரும்மா.”

“அவர் சாப்பிடட்டும். நான் அப்புறம்.”

புருஷன் சாப்பிட்ட பிறகு சாப்பிடும் பழக்கம். இந்தப் பழக்கத்தை எத்தனையோ நாள் அடுப்படியில் நின்று, வயிறு காந்த, அவள் வாயாரத் திட்டியிருக்கிறாள். அன்றைக்கு அதுதான் அவளைக் காப்பாற்றியது.

அகப்பையை எதில் விட்டாள் என்று தெரியவில்லை. சட்டி இல்லை, பானை இல்லை. காற்றில் முகந்து இலையில் சாய்த்தாள். ஆவி பறக்கும் சோறு, பருப்பு, நெய்.

“இன்னும் கொஞ்சம்?”

“ஆகட்டும்” என்றான் சாத்தப்பன்.

“இன்னும் கொஞ்சம்?”

“அப்படியே.”

“இன்னும் கொஞ்சம்?”

“தங்கள் சித்தம்.”

கடைசியில் ஒரு கவளம் மிச்சம் வைத்து, நல்ல வீட்டில் சாப்பிட்டவர்கள் செய்வது போல இலையைத் தன் பக்கமாக மடித்தான். எழுந்திருக்கக் கையை ஊன்றினான். முடியவில்லை. கால் விரல்கள் பாயைத் துளைத்துக்கொண்டு மண்ணுக்குள் போயிருந்தன. இடுப்பைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் பச்சை ஏறியது. உச்சந்தலையில், சுருட்டிய பாய் போல, ஒரு குருத்து நீட்டிக்கொண்டு வந்தது.

மரிக்கொழுந்து அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். மட்டை உரிந்து கையோடு வந்தது. அவன் வலியில் முனகினான். தோப்பில் கேட்ட அதே முனகல். அவள் தோப்பைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மரத்தின் தண்டில் மூக்குத்தி பதிந்திருந்தது. இன்னொன்றில் ஒரு சின்னக் கொலுசு.

கரைக்கு ஓடினாள். “தெரிஞ்சுதானே எங்களக் கூட்டிட்டு வந்தே?”

“ஏத்திட்டு வந்தேன், இறக்கி விட்டேன்” என்றது ஆமை. “மத்தது என் பொறுப்பு இல்ல.”

“உன் ஓட்டை உடைச்சு உன் கையிலேயே கொடுப்பேன்.”

“கொடும்மா. முந்நூறு வருஷமா அவளுக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்கறேன். உடைச்சா எனக்கும் விடுதலைதான். ஆனா உன்னால முடியாது.”

முடியவில்லை. கல் எடுத்து அடித்துப் பார்த்தாள். கல்தான் உடைந்தது.

திரும்பி வந்தபோது பந்தியம்மாள் சாவகாசமாகப் பாயில் சாய்ந்திருந்தாள்.

“ஏன் இப்படிப் பதறுறே? குருத்து விரிஞ்சதும் வலி நின்னுடும். அப்புறம் அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தத் தீவுல சாவே கிடையாதும்மா. முந்நூறு வருஷத்துல ஒரு பிணம் விழுந்ததில்ல, ஒரு ஒப்பாரி கேட்டதில்ல. வந்தவங்க எல்லாரும் இருக்காங்க. பாரு, எவ்வளவு பசுமையா.”

“அப்ப இங்க கருமாதிச் சாப்பாடு போட்டதே இல்லயா?”

பந்தியம்மாளின் கையிலிருந்த அகப்பை ஆடியது. ஒரு கணம்தான். மரிக்கொழுந்துக்கு அது போதும். பதினோரு வருஷம் வாய் பேசாத புருஷனின் முகத்தைப் படித்துப் பழகியவள் அவள்.

நல்ல காரியத்தில் சாப்பிட்டால் இலையை நம் பக்கம் மடிப்போம், உறவு தொடரட்டும் என்று. சாவு வீட்டில் மட்டும் எதிர்ப்பக்கம் மடிப்போம், இப்படி வந்து உட்காருவது இத்தோடு அற்றுப்போகட்டும் என்று. முந்நூறு வருஷமாக இந்தத் தீவில் ஓர் இலைகூட எதிர்ப்பக்கம் மடிந்ததில்லை. ஒருத்தரும் எழுந்து போனதுமில்லை.

அவள் போய் அவன் இலையை விரித்தாள். ஒரு கவளம் மிச்சம் இருந்தது.

“நில்லு” என்றாள் பந்தியம்மாள். குரலில் இருந்த நெய்யெல்லாம் போய்விட்டது. “அதைச் சாப்பிட்டுட்டுத்தான் மடிக்க முடியும். சாப்பிட்டா, அது அவனோட சாவுச் சோறு. எதிர்ப்பக்கம் மடிச்சா உறவு அறும், சரிதான். என்னோட மட்டும் அறும்னு நினைச்சியா? எந்தக் கை மடிக்குதோ அந்தக் கையோடயும் அறும். அவன் எந்திரிச்சு வருவான். உனக்கு வரமாட்டான்.”

மரிக்கொழுந்தின் கை நின்றது.

“இன்னொரு இலை போட்டது அப்படியே இருக்கு” என்று பந்தியம்மாள் மறுபடியும் குழைந்தாள். “உட்காரு. சாப்பிடு. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பீங்க. மண்ணுக்குள்ள வேரும் வேரும் பின்னிக்கும். யாரும் உங்களைப் பிரிக்க மாட்டாங்க. ஊருல நாலடி தள்ளி நடந்ததுக்கு இது மோசமா?”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அந்த இரண்டாவது இலையைப் பார்த்தாள். நேற்று அவன் பிடித்த கை இன்னும் சூடாக இருந்தது.

குருத்து ஒரு விரல் அகலம் விரிந்துவிட்டது. சாத்தப்பனின் முகம் மட்டும் பச்சைக்கு வெளியே மிச்சம் இருந்தது. அவள் குனிந்து அவன் காதருகே கேட்டாள்.

“என்னங்க. நான் உங்க பக்கத்துல உட்காரட்டுமா?”

பிறந்ததிலிருந்து யாரிடமும் மறுத்துப் பேசாத மனுஷன் அவன். ராஜாவிடம் இல்லை, பந்தியம்மாளிடம் இல்லை, பெண்டாட்டியிடமும் இல்லை. உதட்டில் ஏறிய நார் அறுபட, ரத்தம் கசிய, வாயைத் திறந்தான்.

“வேண்டாம்” என்றான்.

மரிக்கொழுந்து கவளத்தை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். விழுங்கினாள். இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி, எதிர்ப்பக்கமாக, அழுத்தி மடித்தாள்.

முதலில் முனகல் நின்றது. பிறகு தோப்பு முழுவதும் மட்டை மட்டையாகச் சரிந்து விழுந்தது. ஒவ்வொரு மரத்துக்குள்ளிருந்தும் ஓர் ஆள் எழுந்தான். மாலுமிகள், வியாபாரிகள், நேற்றுக் கல்யாணமானவர்கள் போல மாலையோடு ஒரு ஜோடி, கிரீடம் சாய்ந்த ஒரு ராணி, ஒற்றைக் கொலுசோடு ஒரு குழந்தை. எல்லார் உடம்பிலும் இலை அறுத்த தழும்பு. பந்தியம்மாள் அகப்பையைக் காற்றில் விட்டு முகந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முகந்தாள். வரவில்லை. மூன்றாம் முறை, அகப்பையோடு அவளும் ஒரு கூடை அடுப்புச் சாம்பலாகக் கொட்டிப்போனாள். கரையில் ஆமை எழுந்து, யாரையும் ஏற்றாமல், யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆழக்கடலைப் பார்த்து நீந்திப்போனது.

நல்லது செய்தால் பரிசு கிடைக்கும் என்று கதைகளில் சொல்வார்கள். கிடைக்கிறது, நான் மறுக்கவில்லை. ராணி மூக்குத்தியைக் கழற்றித் தந்தாள். மாலுமிகள் முத்து தந்தார்கள். அத்தனை பேரும் “தாயே” என்று காலைத் தொட்டார்கள். பாறைக்குப் பின்னால், ஆமையில் வராத மாலுமிகளும் வியாபாரிகளும் அந்தந்தக் காலத்தில் கட்டிப்போட்ட படகுகள் இருந்தன. இற்றுப்போகாதவற்றில் ஏறி, கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். மரிக்கொழுந்தின் படகு பரிசுகளின் கனத்தில் ஒரு சாண் தாழ்ந்து மிதந்தது.

சாத்தப்பன் கரையில் நின்று உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தான். சந்தைக்கூட்டத்தில் பக்கத்தில் நிற்கும் பெண்பிள்ளையைப் பார்க்கிற பார்வை. மரியாதைக்குக் குறைவில்லை.

“எந்த ஊரும்மா நீங்க?”

“கயலூர்.”

“நானும் கயலூர்தான். அரண்மனையில வேலை. துணைக்கு ஒண்ணாவே போகலாம். துடுப்பு நான் போடறேன்.” அவளை முன்னே ஏறவிட்டு, அவன் மறுமுனையில் போய் உட்கார்ந்தான். கொஞ்ச தூரம் போன பிறகு, சும்மா இருக்கக் கூடாதே என்று கேட்டான். “வீட்டுல யாரும்மா இருக்காங்க உங்களுக்கு?”

“இருந்தாங்க” என்றாள் மரிக்கொழுந்து.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அதற்குமேல் கேட்பது முறையில்லை. துடுப்பு விழுந்து எழுந்தது. தென்னந்தீவு தாண்டிப் போனது. சிப்பித்தீவு தாண்டிப் போனது. அவன் இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

“என்னங்க” என்றாள். “கண்ணுல மண்ணு விழுந்திருச்சு. கொஞ்சம் ஊதி விடுங்களேன்.”

யாரைக் கூப்பிடுகிறாள் என்று சாத்தப்பன் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான். அங்கே கடல்தான் இருந்தது.