பங்குனி ஆமை

பொறியாளர் குலசேகரன் ஓய்வு பெற்ற பிறகு சீடரானவர். குருவான அஞ்சலாட்சி அவரைவிடப் பதினோரு வயது இளையவள், மீனவப் பெண், கடலோரத்தில் ஓர் ஓலைக் கொட்டகையில் இருந்தாள். அவரை 'இன்சினியரே' என்றுதான் கூப்பிடுவாள்.

அன்று விடிந்தபோது கடலரிப்பைத் தடுக்கும் கற்சுவரின் அடியில் ஒரு பங்குனி ஆமை கிடந்தது. முட்டையிட மணல் தேடி ஏறி, பாறைகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. துடுப்புக் கால்களில் ரத்தம்.

அந்தச் சுவர் அவர் கட்டியது. குப்பத்தின் வீடுகள் அதனால்தான் தப்பின. கரை மணலை மட்டும் கடல் வாரிக்கொண்டு போய்விட்டது.

பக்கத்தில் நின்ற அஞ்சலாட்சியிடம் கேட்டார்: "அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"பூமிக்குள்ள காந்தம் இருக்கு. பல லட்சம் வருஷத்துக்கு ஒரு தடவை அது புரண்டுபோகும். வடக்கு தெற்காயிடும். புரளுற காலத்துல காந்தம் வலுவிழக்கும். வெயில் விஷமாகும், மழையும் குளிரும் தாறுமாறாகும், உயிருங்க அழியும்னு சிலர் சொல்றாங்க. அப்படியெல்லாம் ஆகாதுன்னு சிலர்."

"படிச்சவங்க சந்தேகம் எப்பவும் தூரத்துலதான் தொடங்கும். கிட்ட வாங்க."

அவர் ஆமையைப் பார்த்தார்.

"இதுங்க அந்தக் காந்தத்தை வச்சுத்தான் பொறந்த கரைக்குத் திரும்புது. இப்பவே வடக்கு கொஞ்சம் கொஞ்சமா நகருது. அதனால இது வழி தப்பி வந்திருக்கலாம், இல்லையா?"

'ஆமாம்' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். இனியாவது அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

"இதுக்குப் பேரு என்ன, இன்சினியரே?"

"பங்குனி ஆமை."

"இது என்ன மாசம்?"

"பங்குனி."

"சுவர் வர்றதுக்கு முன்னால இதுங்க எங்க முட்டை வச்சுது?"

அவர் தம் காலடியைப் பார்த்தார்.

"இங்கதான்."

"பிடிங்க, தூக்குவோம்."

கல்லை நெம்பி இருவரும் ஆமையைத் தூக்கினார்கள். தூக்கும்போதே முட்டைகள் விழத் தொடங்கின. ஒவ்வொன்றாகப் பாறையில் பட்டு உடைந்தன. அவர் தோளிலிருந்த துண்டை உருவி அடியில் விரித்தார். நாலைந்துதான் முழுதாகக் கிடைத்தன. அலை வந்து மஞ்சள் கருவைக் கழுவிக்கொண்டு போனது.

ஆமை தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது.

மிஞ்சிய முட்டைகளைத் துண்டில் பொதிந்துகொண்டே கேட்டார்.

"அப்போ காந்தம் இன்னும் கெடலையா, அம்மா?"

"கெடலை. கெடுற வரைக்கும் இதுங்க வழி தப்பாம இங்கேயேதான் வரும்."