முக்கோண கேலக்ஸிக்கு ஒரு வரி

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தகரக் கூரையில் யாரோ கூழாங்கல்லை உருட்டிவிட்ட மாதிரி. டக், டக், டக்கடக்கடக்.

முற்றத்தில் உட்கார்ந்திருந்த கிளாடிஸ் பைனாகுலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “சிஸ்டர், என்னது அது?”

“பக்கி,” என்றார் சிஸ்டர் பெர்பெத்துவா.

“என்னையா சொல்றீங்க?”

“பறவை, டீச்சர். ராத்திரியில பூச்சி பிடிக்கிற பறவை. உங்களைத் திட்டணும்னா நேராவே திட்டுவேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

மலைமேல் இருந்த அந்தக் கான்வென்ட்டில் கிளாடிஸ் கணக்கு டீச்சர். கைக்குழந்தை ஜோயலோடு பின்கட்டு அறையில் தங்கியிருந்தாள். சிஸ்டர் அவளைவிட வயதில் சிறியவர். வானத்துக்கு மட்டும் குரு. பைனாகுலரில் தெரியக்கூடிய நட்சத்திரக் கூட்டங்கள், நெபுலா என்னும் வாயு மேகங்கள், கேலக்ஸிகளைப் பட்டியல் போடச் சொல்லியிருந்தார். விடுமுறைக்கு ஊர் போகும் பிள்ளைகள் நாளை அதைக் கொண்டுபோவார்கள்.

ஒரே விதி. தன் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும்.

சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சில் சிஸ்டர் படித்தார்.

“கார்த்திகைக் கூட்டம், ‘கழுவி வைத்த திராட்சைக் கொத்து’. அடடா. ஓரியன் நெபுலா, ‘கண்ணாடியில் ஊதிய மூச்சு’. ரொம்ப நல்லாயிருக்கு. முக்கோண கேலக்ஸி, ‘மங்கலான, பரந்த ஒளித்திட்டு’. இதை யார் பார்த்தது?”

கிளாடிஸ் பைனாகுலரின் வாரைத் திருகினாள்.

“புத்தகம் பார்த்திருக்கு,” என்று சிஸ்டரே பதில் சொன்னார்.

“எனக்குத் தெரியவே மாட்டேங்குது, சிஸ்டர். எத்தனை ராத்திரி தேடிட்டேன். இல்லாததையா எழுதிட்டேன்? அது அங்கதானே இருக்கு?”

“இருக்கு. ஊர்ல தனியா நின்னு தேடுற பிள்ளைக்கு, எப்படித் தேடணும்னு என்ன சொல்லுவீங்க?”

அதற்குள் கிளாடிஸ் எழுந்துவிட்டாள். “ஜோயல் அழுறான்.”

அறையில் டியூப்லைட் எரிந்தது. முற்றம் முழுக்க வெள்ளை வெளிச்சம் கொட்டியது. அவள் குனிந்து குழந்தையின் மூக்கருகே விரல் வைத்தாள். உதட்டைப் பார்த்தாள். விளக்கை அணைத்துத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“அழுதானா?”

“அழுத மாதிரி இருந்துச்சு.”

“சிவப்பு டார்ச்சைக் கொண்டுபோகலாம்ல? அது இருட்டுக்குப் பழகின கண்ணைக் கெடுக்காது.”

“சிவப்பு வெளிச்சத்துல உதட்டு நிறம் தெரியலை, சிஸ்டர்.”

சிஸ்டர் கேலி பேசவில்லை. பிறந்த அன்று அந்த உதடு நீலமாக இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“இப்ப ஒண்ணுமில்லைன்னுதான் சொல்றார். அவன் நல்லாத்தான் இருக்கான். எனக்குத்தான்...” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் பயம் எப்ப சிஸ்டர் போகும்?”

“அது எனக்குத் தெரியாது. இருட்டு கண்ணுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். அதுதான் தெரியும். நடுவுல வெளிச்சத்தைப் பார்த்தா, மறுபடி முதல்ல இருந்து.”

“அரைமணி நேரமா? அவனைப் பார்க்காமலா?”

சிஸ்டர் முக்கோண கேலக்ஸியின் வரியை மட்டும் அடித்தார். “அரைமணி நேரம் அவனை நான் பார்த்துக்கறேன், நீங்க வானத்தைப் பாருங்க,” என்று பட்டியலையும் பென்சிலையும் அவள் மடியில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் போனார். விளக்கைப் போடவில்லை.

கிளாடிஸ் பின்னாலேயே வாசல்வரை ஓடினாள். இருட்டுக்குள் சிஸ்டர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

“நீங்க தூங்கிட்டீங்கன்னா?”

“நான் காலை ஜெபத்துலதான் தூங்குவேன். ஊருக்கே தெரியும்.”

“மூக்குக்கிட்ட விரல் வச்சுப் பாருங்க.”

“எதுக்கு? மூச்சு என் கழுத்துலயே படுது.”

“நல்லா விடுறானா?”

“விடுறான். நீங்களும் விடுங்க, டீச்சர்.”

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.